பெரியாஸ்பத்திரியை விட்டு விலகிய நடுத்தரக் குடும்பத்தாருக்கு



மாதச் சம்பளத்தையோ, ஓய்வூதியத்தையோ, அளவான வியாபாரத்தையோ கொண்டு மானமாகக் குடும்பம் நடத்தி, பிள்ளைகளைப் படிக்கவைத்து, ஆண்டுதோறும் தவறாமல் மருத்துவக் காப்பீட்டுப் பாலிசியைப் புதுப்பித்து, உடம்புக்கு ஏதேனும் நேர்ந்தால் தெருமுனைக் கிளினிக்குக்கோ நகரத்துத் தனியார் மருத்துவமனைக்கோ போவதையே இயல்பாகக் கொண்டுவிட்ட தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பத்தாராகிய உங்களுக்கு இம்மடலை எழுதுகிறேன். நானும் உங்கள் வகுப்பைச் சேர்ந்தவனே. ஆகையால் அந்நியனொருவன் வெளியே நின்று உபதேசம் செய்வதாகக் கொள்ளாமல், வீட்டுக்குள் இருப்பவன் வீட்டாரிடம் பேசுவதாகக் கொண்டு பொறுமையுடன் வாசிக்கும்படி வேண்டுகிறேன்.

வைத்தியம் பெறுவது பிரஜையின் உரிமையா, வசதி படைத்தவனுக்கு வாய்க்கும் சலுகையா என்று கேட்டால், உங்களில் பெரும்பாலோர் சிறிதும் தயங்காமல் உரிமை என்றே விடையளிப்பீர்கள் என்பதை நான் அறிவேன். பணமில்லாத காரணத்தால் ஒரு குழந்தை சாகலாம் என்று வாய்விட்டுச் சொல்லும் கல்நெஞ்சர் நம்மிடையே இல்லை. நான் எழுப்ப விரும்பும் வினா அதற்கு அடுத்த படியில் நிற்பது. வேறு போக்கிடம் இல்லாதவர்கள் மாத்திரம் ஓர் உரிமையைப் பயன்படுத்த, போக்கிடம் உள்ளவர்கள் அனைவரும் அதனின்று விலகி வாழ்ந்தால், அது எத்தனை காலத்துக்கு உரிமையாக நிலைத்திருக்கும்? நீண்ட காலம் நிலைத்திராது என்பதும், நாளடைவில் அது கொடுப்பவர் மனம்போல் கூடியும் குறைந்தும் வரும் தருமமாகத் தேய்ந்துவிடும் என்பதும், அந்தத் தேய்வில் நம் வகுப்பாருக்கு உள்ள பங்கு சிறிதன்று என்பதும் என் துணிபு.

நம் ஊர் அரசாங்க ஆஸ்பத்திரிகள் பிறந்த வரலாறு இவ்விஷயத்தில் சிந்திக்கத் தக்கது. இன்று சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே நிற்கும் பொது மருத்துவமனை 1664-ஆம் ஆண்டில் புனித ஜார்ஜ் கோட்டைக்குள், கிழக்கிந்தியக் கம்பெனியின் நோயுற்ற சிப்பாய்களைப் பேணுவதற்காகத் தொடங்கப்பட்டது. வட சென்னையின் ஸ்டான்லி மருத்துவமனையோ, 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் யுத்தத்தாலும் பஞ்சத்தாலும் அலைக்கழிந்து பட்டணத்துக்கு ஓடிவந்த ஜனங்களுக்குக் கஞ்சி வார்த்த மணியக்காரர் சத்திரத்தை ஒட்டி எழுந்தது. அதனாலேயே அப்பகுதியின் முதியவர்கள் இன்றும் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று அழைக்கிறார்கள். முன்னது கம்பெனியின் தேவையால் விளைந்தது. பின்னது தர்மவான்களின் இரக்கத்தால் விளைந்தது. சிப்பாய் பிழைத்தெழுந்தால் கம்பெனிக்கு லாபம். ஏழை பிழைத்தெழுந்தால் தர்மவானுக்குப் புண்ணியம். இரண்டு இடத்திலும் கட்டிலில் கிடந்த நோயாளி, இது எனக்கு உரியது என்று சொல்லிக் கேட்கும் நிலையில் இருக்கவில்லை.

அந்த நிலை மாற வேண்டும் என்னும் எண்ணம் இந்தியாவில் அதிகாரபூர்வமான ஆவணமொன்றில் தெளிவாக இடம்பெற்றது, நாடு விடுதலை பெறுவதற்குச் சற்று முன்னர்தான். 1943-இல் சர் ஜோசப் போர் என்பாரின் தலைமையில் அமைக்கப்பட்டு 1946-இல் தன் அறிக்கையைச் சமர்ப்பித்த குழு, பணம் கொடுக்க இயலாமை காரணமாக எவரும் தக்க வைத்தியம் பெறாமற் போகலாகாது என்பதையே தன் திட்டத்தின் முதற் கொள்கையாக வகுத்துக்கொண்டது. அக்குழுவில் அங்கம் வகித்தவர்களுள் நம்முடைய டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியாரும் ஒருவர் என்பதும், சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருபத்தேழு ஆண்டுகள் விளங்கிய அப்பெரியார் பிற்காலத்தில் உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிர்வாகக் குழுவுக்கும் தலைமை தாங்கினார் என்பதும் நாம் பெருமையோடு நினைவுகூரத் தக்கவை. இன்று ஊருக்கு ஊர் நாம் காணும் ஆரம்ப சுகாதார நிலையத்தின் மூலக் கருத்து அந்த அறிக்கையில் இருக்கிறது.

ஏறக்குறைய அதே காலத்தில், 1948-ஆம் ஆண்டு ஜூலை 5-ஆம் தேதி, பிரிட்டனில் அனெய்ரின் பெவன் என்ற மந்திரி தேசிய சுகாதார சேவையைத் தொடங்கிவைத்தார். வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கத்தில் சிறுவயதிலேயே உழைக்கப் புகுந்த பெவனுக்கு நோயும் வறுமையும் ஏட்டுச் செய்திகள் அல்ல. அவருக்கு முன்பிருந்த 1911-ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டம் சம்பளம் வாங்கும் தொழிலாளிக்கு மருத்துவரைத் தந்தது. அவன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தரவில்லை. புதிய சேவையோ ஆண், பெண், குழந்தை, ஏழை, செல்வர் என்ற எந்த வேறுபாடுமின்றி, வருமானத்தை விசாரிக்காமல், எல்லாருக்கும் கதவைத் திறந்தது. செல்வருக்கும் ஏன் இலவசமாகத் தர வேண்டும் என்ற கேள்வி அன்றைக்கே எழுந்தது. இன்றைக்கும் நம் ஊர்த் திண்ணைகளில் எழுகிறது. ஏழைக்கென்று மட்டும் நடத்தப்படும் வைத்தியசாலை, ஏழை எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வான் என்ற நினைப்புக்கு விரைவில் இரையாகும்; நியாயாதிபதியும் துறைமுகத் தொழிலாளியும் ஒரே கூடத்தில் காத்திருக்கும் வைத்தியசாலையில் அந்த நினைப்புத் தலைதூக்க வழியில்லை. அந்த ஏற்பாட்டின் உள்ளுறையாக நான் கொள்வது இதைத்தான்.

நம் அரசியல் சாசனத்தின் 47-ஆவது ஷரத்து, ஜனங்களின் போஷாக்கையும் பொதுச் சுகாதாரத்தையும் உயர்த்துவது அரசின் தலையாய கடமைகளுள் ஒன்று என்கிறது. ஆனால் அது நெறிமுறைக் கோட்பாடுகளுள் ஒன்றாகையால், அதைக் காட்டி நீதிமன்றத்தில் வழக்காட முடியாது. அந்த ஊமைக் கடமைக்கு வாய் கொடுத்தது வங்காளத்து வழக்கொன்று. 1992 ஜூலையில், விவசாயத் தொழிலாளர் சங்கமொன்றைச் சேர்ந்த ஒருவர் ரயிலிலிருந்து விழுந்து தலையில் பலத்த காயமடைந்தார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் போதிய வசதி இல்லாமையால் கல்கத்தாவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட அவரை, ஓர் அரசாங்க ஆஸ்பத்திரி மாற்றி மற்றோர் அரசாங்க ஆஸ்பத்திரி, படுக்கை இல்லையென்றும் வசதி இல்லையென்றும் திருப்பியனுப்பின. கடைசியில் தனியார் மருத்துவமனையொன்று ஏற்றுக்கொண்டது, உயிர் பிழைத்தார், சுமார் 17,000 ரூபாய் செலவாயிற்று. 1996-இல் உச்ச நீதிமன்றம், அவசர நிலையிலுள்ளவருக்கு அரசாங்க ஆஸ்பத்திரி உரிய நேரத்தில் சிகிச்சை தராமல் விடுவது 21-ஆவது ஷரத்து வழங்கும் உயிர்வாழும் உரிமையை மீறுவதாகும் என்றும், பணமில்லை என்று சொல்லி அரசு இந்தக் கடமையிலிருந்து தப்ப முடியாது என்றும் தீர்ப்பளித்து, 25,000 ரூபாய் நஷ்டஈடும் வழங்கச் செய்தது.

இத்தீர்ப்பை மேற்கோள் காட்டுவோர் பெரும்பாலும் கவனியாமல் விடுகிற ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். அந்தத் தொழிலாளி தனியாக உச்ச நீதிமன்றத்தின் படியேறவில்லை. அவருடைய சங்கம் அவருக்காக ஏறிற்று. அவரைப் போல் அதே ஆண்டில், அதே நகரத்தில், அதே ஆஸ்பத்திரிகளின் வாசலிலிருந்து திரும்பியவர்கள் வேறு பலரும் இருந்திருப்பார்கள் அல்லவா? அவர்களுடைய பெயரில் தீர்ப்பு ஏதும் இல்லை. சட்டப் புத்தகத்தில் உரிமை எழுதப்பட்டிருந்தாலும், மறுக்கப்படுகிற நேரத்தில் அதை எடுத்துக்காட்டிக் கேட்க எழுத்தறிவும் ஓய்வும் துணிவும் கூட்டும் உடைய ஒருவர் அங்கே இல்லையென்றால், அந்த நேரத்துக்கு அது இல்லாததாகவே ஆகிவிடுகிறது.

இனித் தமிழ்நாட்டுக்கு வருகிறேன். பிற மாகாணங்கள் நினைத்தும் பாராத காலத்தில், 1939-லேயே, பொதுச் சுகாதாரத்துக்கென்று தனிச் சட்டம் இயற்றியது சென்னை மாகாணம். பெண்கள் மருத்துவக் கல்லூரிக்குள் காலடி வைப்பதே அதிசயமாயிருந்த நாளில் புதுக்கோட்டையிலிருந்து வந்து, 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் இன்று ஏழைக் கர்ப்பிணிகளுக்கு உதவித்தொகை வழங்கப்படுகிறது. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இம்மாநிலத்தில் நிகழும் பிரசவங்களில் 99.6 விழுக்காடு மருத்துவ நிலையங்களில் நிகழ்கின்றன. அவற்றுள் பெரும்பகுதி அரசாங்க நிலையங்களில். 2018 முதல் 2020 வரையிலான காலத்தில் இந்தியா முழுவதிலும் ஒரு லட்சம் குழந்தைப் பிறப்புக்கு 97 தாய்மார் இறந்தனர். தமிழ்நாட்டில் அது 54. அந்த 54 பேரும் வாழ்ந்திருக்க வேண்டியவர்களே என்றாலும், இவ்வளவுக்குக் குறைந்தது ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவு இரண்டு மணிக்கும் விழித்திருக்கும் செவிலியரால் என்பதை நாம் மறக்கலாகாது.

இதைக்காட்டிலும் என் மனத்தை ஈர்ப்பது, பலரும் பேசாத மருந்துக் கிடங்கு விஷயம். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் தோற்றுவிக்கப்பட்டு, 1995 ஜனவரி முதல் மாநிலத்தின் அரசாங்க ஆஸ்பத்திரிகளுக்கு வேண்டிய மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்யத் தொடங்கிற்று. அத்தியாவசிய மருந்துகளுக்கு ஒரு பட்டியல் வகுத்து, கம்பெனிப் பெயரை நோக்காமல் மருந்தின் மூலப்பெயரைக் கொண்டு ஒப்பந்தப்புள்ளி கோரி, வந்த சரக்கை ஆய்வுக்கூடத்தில் பரிசோதித்த பின்னரே வெளியே விட்டு, மாவட்டந்தோறும் கிடங்கு அமைத்து, ஒவ்வோர் ஆஸ்பத்திரிக்கும் வங்கிக் கணக்குப் புத்தகம் போன்ற ஒரு பாஸ்புக் கொடுத்து, தனக்கு ஒதுக்கப்பட்ட தொகைக்குள் தனக்கு வேண்டிய மருந்தை அது எடுத்துக்கொள்ளும்படி செய்தனர். கேட்பதற்கு இது குமாஸ்தா வேலை போலத் தோன்றும். ஆனால் சர்க்கரை நோயுள்ள சலவைத் தொழிலாளி ஒருவர் சுகாதார நிலையத்துக்கு நடந்துபோய் மெட்ஃபார்மின் மாத்திரையைக் காசின்றிக் கேட்டு வாங்கித் திரும்புவது, மேடையில் முழங்கப்படும் உரிமையைவிட இந்தக் குமாஸ்தா வேலையின் பலத்தாலேயே நடக்கிறது. 2011-இல் ராஜஸ்தான் இலவச மருந்துத் திட்டம் தொடங்கியபோது அதற்கு முன்மாதிரியாயிருந்தது நம் கழகமே.

இவ்வளவு சிறந்த அஸ்திவாரம் இருக்க, நாம் ஏன் அந்தக் கட்டடத்தை விட்டு வெளியேறினோம்?

வெளியேறினோம் என்று சொல்வதற்குக் காரணம், ஒரு காலத்தில் நாம் அங்கே இருந்தோம் என்பதுதான். இந்நாட்டில் மூளை நரம்பு அறுவைச் சிகிச்சைக்கு முன்னோடிகளுள் ஒருவரான டாக்டர் பி. ராமமூர்த்தி 1950-இல் தம் பணியைத் தொடங்கியது சென்னை அரசாங்கப் பொது மருத்துவமனையிலேயே. புதிய சாஸ்திரம் எதுவானாலும் முதலில் அங்கேதான் வந்திறங்கும். எனவே நோயின் கடுமைக்கேற்ப ஜட்ஜும் அங்கே போனார், ஜட்கா வண்டிக்காரரும் அங்கே போனார். 1967 ஜனவரி 12-ஆம் தேதி ராமாவரத்து வீட்டில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தபோது, தமிழகத்தின் மிகப் பிரபலமான நடிகராயிருந்த எம்.ஜி.ஆரும், அவரைச் சுட்டதாகப் பின்னர்த் தண்டிக்கப்பட்ட எம்.ஆர். ராதாவும், முதலில் ராயப்பேட்டை அரசாங்க ஆஸ்பத்திரிக்கும் அங்கிருந்து பொது மருத்துவமனைக்குமே கொண்டுசெல்லப்பட்டனர். கழுத்தில் கட்டுடன் எம்.ஜி.ஆர். தோன்றிய படம் அவ்வாண்டுத் தேர்தலில் தெருவெங்கும் ஒட்டப்பட்டதை அறியாத தமிழர் இல்லை. அவ்வளவு செல்வாக்குடையவரை எங்கே கொண்டுபோவது என்று அன்று யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பிறகு, 1983-இல் சென்னையில் அப்பல்லோ மருத்துவமனை திறக்கப்பட்டதை ஓர் எல்லைக்கல்லாகக் கொள்ளலாம். அதைத் தொடர்ந்து ஒவ்வொரு நகரத்திலும் தனியார் மருத்துவமனைகள் பெருகின. அவற்றில் உண்மையான திறமை இருக்கிறது. உயிர் காத்த நன்றியை நாம் மறுக்க வேண்டியதில்லை. அமைச்சர்களும் அதிகாரிகளும் முதலில் போனார்கள். நாம் பின்னால் போனோம்.

நம் முன்னோர் ஏரிக்கரைக்குக் குடிமராமத்து என்று ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். ஏரிநீரை நம்பியவர்கள் எல்லாரும், பெரிய பண்ணைக்காரர் உட்பட, கோடையில் ஆள் அனுப்பித் தூர்வார வேண்டும். வசதியுள்ளவர் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்ட நாள் முதல் அவர் வீட்டு ஆள் கரைக்கு வருவது நின்றது, மதகு பழுதானபோது தாலுகா ஆபீசுக்கு மனு எழுதும் கையும் நின்றது, ஏரி தூர்ந்தது, சில ஆண்டுகளில் நிலத்தடி நீர் இறங்கி அவருடைய கிணறும் வற்றிற்று. அரசாங்க ஆஸ்பத்திரியை விட்டு நாம் விலகியதில் நிகழ்ந்ததும் இதுவே. நாம் அங்கிருந்து எடுத்துச்சென்றது நம் நோய்களை மாத்திரம் அன்று. கழிப்பறை நாறினால் கண்காணிப்பாளரிடம் போய்க் கேட்கும் வாயையும், ஸ்கேன் இயந்திரம் மூன்று மாதமாகப் பழுதாகக் கிடந்தால் பத்திரிகைக்கு எழுதும் பேனாவையும், சட்டமன்ற உறுப்பினரைச் சந்திக்க நேரம் வாங்கும் செல்வாக்கையும் சேர்த்தே எடுத்துச்சென்றோம். அங்கே எஞ்சியவர்கள் ஸ்ட்ரெச்சர் தள்ளுபவருக்குக் கைநீட்டிக் காசு கொடுத்து, வார்டில் யாரையாவது தெரிந்த ஒருவரின் சிபாரிசைத் தேடி, மருத்துவர் நிமிர்ந்து பார்த்ததற்கே கைகூப்பி வணங்கி, தங்களுக்குச் சட்டப்படி உரியதை உபகாரமாகப் பெற்றுச் செல்லப் பழகிவிட்டார்கள்.

காப்பீட்டு அட்டை இருக்கையில் எங்களுக்கென்ன என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அட்டை எதைத் தருகிறது என்பதை நிதானமாகப் பாருங்கள். பொதுவாக அது படுக்கையில் கிடத்திச் செய்யும் சிகிச்சைக்கே பணம் தருகிறது. இரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாதந்தோறும் வாங்கும் மாத்திரைக்கும், தாயாரின் மூட்டுவலிக்கு மாதமிருமுறை கொடுக்கும் கன்சல்டேஷன் கட்டணத்துக்கும் அநேகமாக அது உதவுவதில்லை. ஆனால் இந்நாட்டுக் குடும்பங்களின் மருத்துவச் செலவில் கணிசமான பங்கு இப்படிச் சிறுகச் சிறுகக் கரைவதே. கம்பெனி தந்த அட்டை வேலையோடு வருகிறது, வேலையோடு போகிறது. சொந்தமாக எடுத்த பாலிசிக்கு வயது ஏற ஏறப் பிரீமியம் ஏறுகிறது. சம்பாத்தியம் நின்ற வயதில், நோய் மிகுந்த வயதில், அது மிக அதிகமாகிறது. இப்படி வேலைக்கும் வயதுக்கும் கட்டுப்பட்டதை உரிமையென்று எவ்வாறு சொல்வது? ஏழையைவிட நமக்குச் சற்று நீண்ட தவணைக்குக் கிடைத்திருக்கும் சலுகை அது.

இங்கே ஓர் உண்மையையும் கவனியுங்கள். தனிநபர் மருத்துவக் காப்பீட்டின் மீதிருந்த 18 விழுக்காடு சரக்கு சேவை வரி அநியாயம் என்று நம் வகுப்பார் இடைவிடாது குரல் எழுப்பினர். 2025 செப்டம்பரில் அது அடியோடு நீக்கப்பட்டது. கேட்டது நியாயமே. நாம் சேர்ந்து கேட்டால் டில்லியில் கேட்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. அரசாங்கம் சுகாதாரத்துக்குச் செலவிடுவதைத் தேச உற்பத்தியில் 2.5 விழுக்காடாக 2025-க்குள் உயர்த்துவோம் என்று 2017-ஆம் ஆண்டுத் தேசிய சுகாதாரக் கொள்கை வாக்களித்தது. 2021-22-இல் அது 1.84 விழுக்காடாகவே இருந்தது. அவ்வாண்டில் நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 விழுக்காடு ஜனங்களின் சட்டைப்பையிலிருந்து நேரே போயிற்று. பாலிசி வரிக்காக எழுந்த குரலில் கால்பங்கேனும் இதற்காக எழுந்ததாக எனக்கு நினைவில்லை. 2019 அக்டோபரில் தமிழ்நாட்டு அரசு மருத்துவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, நோயாளிகளின் எண்ணிக்கைக்கேற்ப மருத்துவர் பணியிடங்கள் வேண்டும் என்பதும் அவர்களுடைய கோரிக்கைகளுள் ஒன்றாயிருந்தது. அது அவர்களுடைய கோரிக்கையைவிட நம்முடைய கோரிக்கையாகவே இருந்திருக்க வேண்டும். நாமோ அதை வேறு யாருக்கோ நேர்ந்த தகராறாகச் செய்தித்தாளில் வாசித்தோம்.

வரி கட்டுவது நாங்கள், அனுபவிப்பது அவர்களா என்ற ஆட்சேபமும் என் காதில் விழாமலில்லை. சோப்புக் கட்டிக்கும் செருப்புக்கும் தையற்கூலியாள் கொடுக்கும் மறைமுக வரியை விட்டுவிடுகிறேன். இதை மட்டும் எண்ணிப் பாருங்கள்: உங்களுக்கு இன்று தனியார் மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை செய்யும் நிபுணர்களுள் எத்தனையோ பேர் சென்னையிலும் மதுரையிலும் தஞ்சாவூரிலும் அரசாங்கக் கல்லூரிகளில் பொதுப்பணத்தில் கற்றவர்கள். அவர்கள் நாடி பார்க்கவும், கத்தி பிடிக்கவும், பிரசவம் பார்க்கவும் பழகியது பெரியாஸ்பத்திரி வார்டில் படுத்திருந்த ஏழைகளின் உடம்பில். மாணவர் பத்துப் பேர் சூழ்ந்து நின்று தன் வயிற்றைத் தொட்டுப் பார்க்கையில் வெட்கத்தை அடக்கிக்கொண்டு கிடந்த அந்த நோயாளிக்கு, உங்கள் ஆரோக்கியத்தில் நீங்கள் கட்டிய வரிக்குக் குறையாத பங்கு இருக்கிறது.

மருத்துவர்கள் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. அதை மறைப்பது சரியன்று. 2023 மார்ச்சில் ராஜஸ்தான் சட்டசபை சுகாதார உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியபோது தனியார் மருத்துவர்கள் கடுமையாக எதிர்த்துக் கிளர்ச்சி செய்தனர். அவசர சிகிச்சையைக் கட்டணம் கேளாமல் செய் என்று சட்டம் சொல்லுமானால், அந்தப் பணத்தை யார், எப்பொழுது, எந்த விகிதத்தில் தருவார் என்பதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று அவர்கள் கேட்டதைப் பேராசை என்று தள்ளிவிட முடியாது. பொக்கிஷத்தைத் திறக்காமல் உரிமையை மாத்திரம் பிரகடனம் செய்தால், அதன் முழுப் பாரமும் இரவுப்பணி பார்க்கும் இளம் மருத்துவர் ஒருவரின் தலையில் இறங்குகிறது. ஆத்திரமுற்ற உறவினர் அவர் மீது கை ஓங்குவதும் அங்கேதான். நம் மாநிலத்தில் 2021 டிசம்பரில் தொடங்கிய, சாலை விபத்துக்குள்ளானவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் திட்டத்தை நான் பாராட்டுவது இக்காரணத்தால்தான்: பணம் எங்கிருந்து வரும் என்பதை அது சொல்லிவிட்டே தொடங்கிற்று.

ஆட்சேபங்களுள் கனமானது வேறொன்று. நல்லெண்ணம் உடையவர்களே அதைச் சொல்கிறார்கள். ஏற்கெனவே கூட்டம் பிதுங்கும் இடத்துக்கு நாங்களும் வந்தால் ஏழையின் வரிசை இன்னும் நீளாதா, எங்களால் முடியும்போது ஒதுங்கிக்கொள்வதுதானே தருமம் என்று கேட்கிறார்கள். இவ்வினாவை நான் பல காலம் எண்ணிப் பார்த்திருக்கிறேன். இன்று காலையே நாம் அனைவரும் பொது மருத்துவமனையின் புறநோயாளர் பிரிவில் போய் நின்றால் தீமையே விளையும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாம் ஒதுங்கியிருந்த இந்த நாற்பது ஆண்டுகளில் வரிசை குறையவில்லையே! வரிசை நீளமாவது மருத்துவர் பற்றாக்குறையால். பற்றாக்குறை நீடிப்பது, அதைக் கண்டு ஆட்சியாளர் அஞ்ச வேண்டிய ஜனங்கள் அவ்வரிசையில் இல்லாமையால். தவிர, உயிருக்கு உண்மையான ஆபத்து நேரும் வேளையில் நாமும் அங்கேதான் போய்ச் சேருகிறோம். பாம்பு கடித்தால் தனியார் கிளினிக்குகள் பல, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றே சொல்கின்றன. அங்கே ஏற்றப்படும் விஷமுறிவு மருந்து, 1978-இல் தொடங்கப்பட்ட வடநெம்மேலிக் கூட்டுறவுச் சங்கத்தின் இருளர்களைப் போன்றோர் பாம்பு பிடித்து எடுத்துத்தரும் விஷத்திலிருந்து தயாராவது. 2021 மே மாதத்தில் கொரோனாவின் இரண்டாம் அலை அடித்தபோது, பொது மருத்துவமனையின் வாசலில் ஆம்புலன்ஸ் வண்டிகள் வரிசைகட்டி நின்றதையும், கையில் பணமும் சிபாரிசும் அட்டையும் இருந்தும் தனியார் மருத்துவமனைகளில் ஒரு படுக்கை கிடைக்காமல் நம் வகுப்பார் இரவு முழுதும் தொலைபேசியில் மன்றாடியதையும் அதற்குள் மறந்துவிட்டோமா? அன்று ஆக்ஸிஜன் குழாயோடு நமக்குக் கிடைத்த படுக்கை, நாம் பேணாமல் விட்ட கட்டடத்தில் இருந்தது.

கூட்டம் தடையாகாத இடங்களும் உண்டு; அவற்றிலிருந்து தொடங்குங்கள் என்பதே என் விண்ணப்பம். போலியோ சொட்டு மருந்துக்கு நம் வகுப்புப் பெண்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சத்துணவுக்கூட வாசலில் நின்றார்கள். வேலைக்காரப் பெண்ணும் பக்கத்தில் தன் குழந்தையோடு நின்றாள். அந்த நோய் 2014-இல் இந்நாட்டை விட்டு ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. அதைப் போலவே உங்கள் இரத்தக் கொதிப்பையும் சர்க்கரையையும் அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். பிள்ளைகளுக்குத் தடுப்பூசியை அங்கேயே போடுங்கள். மகளோ மருமகளோ கருவுற்றால், வேறெங்கே காட்டினாலும், அங்கும் ஒருமுறை கூட்டிச்சென்று சுகாதாரச் செவிலியரிடம் பேசுங்கள். மாத்திரை இல்லையென்று கவுண்டரில் சொன்னால், வெளியே வந்து மருந்துக்கடையில் வாங்கிக்கொண்டு போய்விடாமல், எந்த மருந்து, எத்தனை நாளாக இல்லை என்று மருத்துவ அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். மரியாதையாகக் கேளுங்கள், ஏனெனில் அநேகமாக அவரும் அதே குறையை மேலிடத்துக்கு எழுதிப் பதிலுக்குக் காத்திருப்பவராயிருப்பார், உங்கள் கடிதம் அவர் கைக்கு வலுச்சேர்க்கும். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் நோயாளர் நலச் சங்கம் என்று ஒன்று இருக்கிறது. உங்கள் ஊரில் அது எப்பொழுது கூடுகிறது, அதில் யார் யார் இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள்.

கிராமத்தில் இருப்பவர்களுக்கு இன்னும் ஒன்று. ஆண்டுக்கு ஆறு முறை கூட்டப்படும் கிராம சபையில் சாலைக்கும் தெருவிளக்குக்கும் தீர்மானம் எழுதும்போது, உங்கள் துணை சுகாதார நிலையத்தில் செவிலியர் பணியிடம் நிரப்பப்பட்டிருக்கிறதா, ஆரம்ப சுகாதார நிலையத்தின் பிரசவ அறைக்குத் தண்ணீர் வருகிறதா, அங்கே பாம்புக்கடி மருந்து இருப்பில் இருக்கிறதா என்று எழுந்து கேட்டு, விடையைத் தீர்மானப் புத்தகத்தில் பதியச் செய்யுங்கள். அடுத்த கூட்டத்தில் அதே பக்கத்தைப் புரட்டி மீண்டும் கேளுங்கள்.

இங்ஙனம்,
உங்களில் ஒருவன்